டாமிஃப்ளூவா, கஷாயமா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்!

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் போதும், காய்ச்சல் குழந்தைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெற்றோர் வரிசையாக வர ஆரம்பித்துவிடுவார்கள். முன்பெல்லாம் அவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சளிக்கு நல்ல கஷாயமா ஏதாவது சொல்லுங்க டாக்டர்!" இப்போது கேள்வி மாறிவிட்டது. "டாக்டர், டாமிஃப்ளூ குடுக்கலாமா? இல்ல, நிலவேம்பே போதுமா?"

2009-ல் பன்றிக்காய்ச்சல் வந்ததே, அப்போது பரவிய பெயர் இந்த டாமிஃப்ளூ. மருந்தின் உண்மையான பெயர் ஓசல்டாமிவிர். வேறு வேறு கம்பெனிகள் வேறு வேறு பெயரில் விற்றாலும் ஜனங்கள் வாயில் நின்றுவிட்டது டாமிஃப்ளூதான். அப்புறம் 2020-ல் கொரோனா வந்தது. வைரஸ், ஆன்ட்டிவைரல் என்ற சொற்களெல்லாம் அடுப்பங்கரை வரைக்கும் வந்துவிட்டன.

ஒரு சித்த மருத்துவரிடம் வந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள், பெரும்பாலும் ஒரு பதிலை மனசில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். 'இங்கிலீஷ் மருந்தைத் தொடாதீர்கள், நம்ம கஷாயத்திலேயே எல்லாம் இருக்கிறது' என்று நான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிறவர்களும் எங்கள் தொழிலில் இருக்கத்தான் செய்கிறார்கள். நான் சொல்வதில்லை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் பாலவாகடம் படித்துவிட்டு வந்து, முப்பது வருஷமாகக் குழந்தைகளின் நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த மருந்து சஞ்சீவியும் இல்லை, விஷமும் இல்லை. நல்ல ஆரோக்கியமான எட்டு வயதுப் பிள்ளைக்கு இது இல்லாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது. ஆனால் சில குழந்தைகளுக்கு, அது யார் யார் என்று பிறகு சொல்கிறேன், இதைக் கொடுப்பதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. என் கஷாயத்துக்காகவும் தாமதிக்கக் கூடாது!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மூக்கு ஒழுகுவதெல்லாம் ஃப்ளூ அல்ல. சாதாரணச் சளி மெல்ல மெல்ல வரும். இரண்டு தும்மல், கொஞ்சம் மூக்கடைப்பு, இரவில் இருமல், லேசான சூடு என்று. ஃப்ளூ அப்படி வராது. காலையில் டிபன் பாக்ஸோடு ஸ்கூலுக்கு ஓடின பிள்ளை, மத்தியானம் துவண்டு போய் வரும். கொதிக்கிற காய்ச்சல், 102, 103 என்று. தலைவலி, உடம்பு முறிக்கிற வலி, தொண்டை எரிச்சல், வறட்டு இருமல். 'கால் குடையுதும்மா' என்று அழும். சின்னக் குழந்தைகளுக்கு வாந்தி, பேதிகூட இருக்கலாம். சித்தத்தில் சுரத்தை 64 வகையாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். 'காய்ச்சல் என்றால் எல்லாம் ஒன்றே' என்று நினைக்காதே என்பதற்குத்தான் அத்தனை பிரிவு!

ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் 'இது ஃப்ளூதான்' என்று அடித்துச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. 2001-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வைப் பாருங்கள். 1 முதல் 12 வயது வரையான குழந்தைகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு. ஃப்ளூ பரவிக்கொண்டிருக்கிற பருவத்தில், காய்ச்சலும் சளி இருமலும் உள்ள 695 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பரிசோதித்துப் பார்த்தபோது உண்மையிலேயே ஃப்ளூ வைரஸ் இருந்தது 452 பேருக்குத்தான். மூன்றில் ஒரு குழந்தைக்கு அது வேறு ஏதோ காய்ச்சல்! வேறு வைரஸால் வந்த காய்ச்சலில் ஓசல்டாமிவிர் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. 'ஆன்ட்டிவைரல்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு எல்லா வைரஸுக்கும் இது எமன் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

ஏன் இல்லை என்பது இந்த மருந்து வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் புரியும். ஃப்ளூ வைரஸ் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள செல்லுக்குள் புகுந்து, ஆயிரக்கணக்கில் குட்டி போடுகிறது. அந்தக் குட்டிகள் வெளியே வரும்போது செல்லின் மேல்தோலில் உள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருளில் ஒட்டிக்கொண்டுவிடும். அதை அறுத்துக்கொண்டு அடுத்த செல்லுக்கு ஓட, வைரஸிடம் ஒரு கத்தரி இருக்கிறது. நியூராமினிடேஸ் என்று அதற்குப் பெயர். ஓசல்டாமிவிர் போய் அந்தக் கத்தரியின் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. கத்தரி வெட்டாது, குட்டிகள் கட்டிப்போட்ட இடத்திலேயே கிடக்கும். அவ்வளவுதான் இந்த மருந்தின் வேலை. வைரஸை அது கொல்வதில்லை. பரவுவதைத் தடுக்கிறது.

ஃப்ளூ வைரஸ் மும்முரமாகப் பெருகுவது முதல் இரண்டு மூன்று நாள்களில். அதற்குள் கத்தரியை முடக்கினால் பலன் உண்டு. நாலாம் நாள், ஐந்தாம் நாள் போய்க் கொடுத்தால், வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டுகிற கதைதான். 'நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்' என்று சொல்வது இதனால்தான். பின்லாந்தில் ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு, காய்ச்சல் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள்ளேயே கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வெளியானது. ஏ வகை ஃப்ளூ வந்த குழந்தைகள் மூன்றரை நாள் முன்னதாகவே குணமானார்கள். அதே மருந்துதான். சீக்கிரம் கொடுத்ததில் வந்த வித்தியாசம்!

எல்லாக் குழந்தைக்கும் இப்படி மூன்றரை நாள் மிச்சமாகுமா என்றால், ஆகாது. நான் முதலில் சொன்ன 2001 ஆய்வில், மருந்தில்லாத சிரப் குடித்த குழந்தைகள் குணமாக 137 மணி நேரம் ஆனது. மருந்து குடித்தவர்களுக்கு 101 மணி நேரம். ஒன்றரை நாள் மிச்சம். காதில் சீழ் கோர்ப்பதும் குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது இந்த லாபம் இன்னும் சுருங்கியது. 2014-ல் காக்ரேன் என்ற அமைப்பு, ஆரோக்கியமான குழந்தைகளுக்கு 29 மணி நேரம் மிச்சம் என்றது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் அந்த அளவுக்கும் பலன் தெரியவில்லை. 2018-ல் இன்னொரு கணக்கு: எல்லாக் குழந்தைகளையும் சேர்த்தால் 17, 18 மணி நேரம், ஆஸ்துமாக் குழந்தைகளை விலக்கிவிட்டுப் பார்த்தால் 30 மணி நேரம். காது நோய் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

ஆக, ஒரு நாள், ஒன்றேகால் நாள். உங்கள் பையனுக்கு சனிக்கிழமை விடவேண்டிய காய்ச்சல் வெள்ளிக்கிழமை விடும். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரி முழுக்கக் கண் விழித்து, ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்க்கு ஒரு நாள் என்பது பெரிசு. ஆனால் 'இதைக் கொடுக்கவில்லை என்றால் பிள்ளை பிழைக்காதோ' என்று கலங்கி, ராத்திரி பத்து மணிக்குக் கடை கடையாக ஏறி இறங்குகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. 

இந்தக் காக்ரேன் கணக்குக்குப் பின்னால் ஒரு சுவாரசியமான கதை இருக்கிறது. 2009-ல் பன்றிக்காய்ச்சல் பயத்தில் பல நாட்டு அரசாங்கங்கள் இந்த மருந்தை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தன. பிரிட்டன் மட்டும் 40 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தது. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலையை, நிமோனியாவை இது தடுக்கும் என்று அதற்கு முன்பே ஒரு ஆய்வுக் கட்டுரை வந்திருந்தது. அதை நம்பித்தான் வாங்கினார்கள். அப்போது ஜப்பானைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கெய்ஜி ஹயாஷி ஒரு கேள்வி கேட்டார். 'அந்தக் கட்டுரை 10 ஆய்வுகளைச் சேர்த்து எழுதப்பட்டது. அதில் 8 ஆய்வுகள் முழுசாக எந்தப் பத்திரிகையிலும் வெளியாகவே இல்லையே! பார்க்காததை எப்படி நம்புவது?' என்றார். கேட்டது சின்னக் கேள்விதான். பதில் கிடைக்கப் பல வருஷம் ஆனது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் பகிரங்கமாகப் போராடியது. 2013-ல்தான் ரோஷ் கம்பெனி முழு அறிக்கைகளையும் கொடுத்தது. படித்துப் பார்த்தால், காய்ச்சல் நாள் குறைகிறது, சரி; ஆஸ்பத்திரியில் சேர்வதைத் தடுக்கிறது என்பதற்கு அந்த ஆய்வுகளில் திடமான ஆதாரம் இல்லை! உலக சுகாதார நிறுவனமும் 2017-ல் தன்னுடைய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதை ஒரு படி இறக்கி, தீவிரமாகப் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு என்று வைத்தது.

எங்கள் ஆட்கள் சிலர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "பாத்தீங்களா, இங்கிலீஷ் வைத்தியத்தோட லட்சணத்தை!" என்று கைகொட்டுகிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அங்கே ஒருவர் கேள்வி கேட்டார், கடைசியில் காகிதங்கள் வெளியே வந்தன, கணக்குத் திருத்தப்பட்டது. நம்மிடம் யாராவது அதே கேள்வியைக் கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு என்ன காகிதம் இருக்கிறது? நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு. கபசுரக் குடிநீரில் பதினைந்து. டெங்குக் காலத்திலும் கொரோனாக் காலத்திலும் தமிழக அரசே ஊர் ஊராகக் காய்ச்சிக் கொடுத்தது. காய்ச்சல் தணியும், உடம்பு வலி குறையும் என்பது எங்கள் அனுபவம். ஆனால் ஃப்ளூ வந்த குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஓசல்டாமிவிரும் இன்னொரு பிரிவுக்கு நிலவேம்பும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு நம்மிடம் கிடையாது. அது வருகிற வரைக்கும் 'டாமிஃப்ளூவுக்கு மாற்று எங்கள் கஷாயம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முடியாத காரியமா இது? சீனர்கள் செய்து காட்டியிருக்கிறார்களே! 2009 பன்றிக்காய்ச்சலின்போது, 15 வயதுக்கு மேற்பட்ட 410 பேரை நாலு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஓசல்டாமிவிர், ஒன்றுக்கு அவர்கள் நாட்டு மூலிகைக் கஷாயம், ஒன்றுக்கு இரண்டும், இன்னொன்றுக்கு எதுவும் இல்லை. மருந்தில்லாதவர்களுக்குக் காய்ச்சல் விட 26 மணி நேரம். ஓசல்டாமிவிருக்கு 20. கஷாயத்துக்கு 16. இரண்டும் சேர்த்தால் 15. யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதை மறைத்து வைக்காத ஆய்வு, பெரியவர்களிடம் செய்தது, குழந்தைகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. எல்லாம் சரி. ஆனாலும் செய்தார்கள். 2011-ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகையிலேயே வெளியிட்டார்கள். நம்மவர்கள் மேடை போட்டுப் பேசுகிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டாலே போதும் என்று எனக்குப் படுகிறது.

நடுவில் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரியாணியில் போடுகிறோமே அன்னாசிப்பூ, அதிலிருந்துதான் டாமிஃப்ளூ செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைக் காய்ச்சி வடிகட்டிப் பிள்ளைக்குக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. பாதி உண்மை எவ்வளவு ஆபத்து பாருங்கள்! அன்னாசிப்பூவில் ஷிக்கிமிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்து, தொழிற்சாலையில் பல படி ரசாயன மாற்றம் செய்தால்தான் ஓசல்டாமிவிர். பூவில் அந்த மருந்து இல்லை. பருத்தியைச் சுற்றிக்கொண்டால் வேட்டி ஆகுமா? போதாததற்கு, இதே உருவத்தில் ஜப்பானிய வகை அன்னாசிப்பூ ஒன்று உண்டு. அது நரம்பைத் தாக்குகிற விஷம். அன்னாசிப்பூக் கஷாயம் கொடுத்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததால், 2003-ல் அமெரிக்க அரசே எச்சரிக்கை விட்டது. பூ பிரியாணியோடு இருக்கட்டும்.

சரி, தாமதிக்கக் கூடாத குழந்தைகள் என்று சொன்னேனே, அவர்கள் யார்? ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகள், அதிலும் இரண்டு வயதுக்குள் இருப்பவர்கள். எந்த வயதானாலும், இழுப்பு இருக்கிற பிள்ளை, பிறவி இருதயக் கோளாறு உள்ள பிள்ளை, சர்க்கரை, சிறுநீரக நோய், வலிப்பு நோய் உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள். நம் மத்திய அரசு பன்றிக்காய்ச்சலுக்கு வகுத்த வழிமுறையிலேயே இந்தப் பாகுபாடு இருக்கிறது. லேசான காய்ச்சல், இருமல் மட்டும் என்றால் ஏ பிரிவு: பரிசோதனையும் வேண்டாம், ஓசல்டாமிவிரும் வேண்டாம், வீட்டிலேயே தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது சொன்ன குழந்தைகள் பி பிரிவு: மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும். மூச்சுத்திணறல், மயக்கம், நீலம் பாய்தல் என்று வந்தால் சி பிரிவு: உடனே ஆஸ்பத்திரி.

'ஆஸ்துமாக் குழந்தைக்குப் பலன் தெரியவில்லை என்று சற்று முன்னால்தானே சொன்னீர்கள், இப்போது அவர்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்கிறீர்களே?' என்று நீங்கள் கேட்பது நியாயம். அந்த ஆய்வுகள் பார்த்தது காய்ச்சல் எத்தனை மணி நேரம் முன்னதாக விடுகிறது என்பதை. நம்முடைய கவலை அதுவல்ல. இந்தப் பிள்ளைக்கு நோய் முற்றிவிடுமோ என்பது. அமெரிக்காவில் ஃப்ளூவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 55 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை அலசிப் பார்த்து, 2022-ல் ஒரு கட்டுரை வந்தது. சேர்ந்தவுடனே இந்த மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களும் இறந்தவர்களும் குறைவு. இது சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒப்பிட்ட ஆய்வு அல்ல. பதிவேட்டைப் பார்த்துச் சொன்னது. அதனால் நூற்றுக்கு நூறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் தராசில் வைத்துப் பாருங்கள். கொடுத்தால் வரக்கூடிய நஷ்டம் பெரும்பாலும் ஒரு வாந்தி. கொடுக்காவிட்டால் வரக்கூடிய நஷ்டம் என்ன என்று யோசித்தால், பலவீனமான பிள்ளைக்குக் கொடுத்துவிடு என்றுதான் என் மனசு சொல்கிறது.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாசம், ஒன்றரை வயசுப் பெண் குழந்தையைப் பாட்டியும் தாயுமாகத் தூக்கி வந்தார்கள். "மூணு நாளா நிலவேம்பு குடுக்கோம் ஐயா, காய்ச்சல் விடமாட்டேங்கு" என்றார் பாட்டி. சட்டையை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. ஒரு நிமிஷம் எண்ணினேன், அறுபதைத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே இரண்டு தடவை இழுப்பு வந்த குழந்தை. எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர், 'இங்கிலீஷ் மருந்து குடுத்தா சளி உள்ளேயே உறைஞ்சுபோகும்' என்று சொல்லி, குழந்தை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்! அந்தச் சீட்டு தாயின் பர்ஸில் அப்படியே இருந்தது. முதல் நாளே எழுதின ஓசல்டாமிவிர்.

நான் நாடி பார்க்க உட்காரவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஐந்து நாள் ஆக்ஸிஜனில் இருந்துவிட்டு வந்தது குழந்தை. முதல் நாளே மருந்து கொடுத்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த மூன்று நாளை அந்தத் தாய்க்கு யார் திருப்பிக் கொடுப்பது?

இதற்கு நேர் எதிரானதையும் பார்க்கிறேன். அண்ணனுக்கு வாங்கின சிரப்பில் மிச்சம் இருந்ததை, தங்கைக்கு நாலாம் நாள் காய்ச்சலில் கொடுக்கிறார்கள். இந்த மருந்துக்குக் குழந்தையின் எடைதான் கணக்கு. பத்து கிலோ பிள்ளைக்கு வேறு, இருபது கிலோ பிள்ளைக்கு வேறு. கலக்கின சிரப் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நிற்காது. நம் நாட்டில் இது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. விற்றதற்குக் கடைக்காரர் தனிக் கணக்கு எழுத வேண்டும்.

பக்கவிளைவு என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் இடம் வாந்திக்கு. அந்த 2001 ஆய்வில் மருந்து குடித்த நூறு குழந்தைகளில் 14 பேர் வாந்தி எடுத்தார்கள். மருந்தில்லாத சிரப் குடித்தவர்களில் 8, 9 பேர். வெறும் வயிற்றில் கொடுக்காமல் கஞ்சியோ இட்லியோ கொடுத்த பிறகு கொடுத்தால் ஓரளவு குறையும். அடுத்தது ஜப்பானில் கிளம்பிய பயம். மருந்து சாப்பிட்ட சில பிள்ளைகள் பித்துப் பிடித்தது போல் நடந்துகொண்டார்கள், மாடியிலிருந்து விழுந்தார்கள் என்று செய்தி வர, 2007-ல் அந்த நாட்டு அரசு 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்குக் கொடுப்பதைத் தடுத்தது. ஆனால் அந்தப் பிதற்றல் ஃப்ளூக் காய்ச்சலிலேயே வரக்கூடியது. மருந்து சாப்பிடாத பிள்ளைகளிடமும் இருந்தது. 2018-ல் தடை நீங்கியது. 2025-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் குழந்தைகளை ஆராய்ந்து வந்த கட்டுரை, ஃப்ளூ வந்தபோது இந்த மருந்து சாப்பிட்டவர்களிடம் இப்படிப்பட்ட மூளை, மனநிலைப் பாதிப்புகள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்ததாகச் சொல்கிறது. எதுவானாலும், கடுமையான ஃப்ளூக் காய்ச்சலில் முதல் இரண்டு நாள் பிள்ளையைத் தனி அறையில் படுக்க வைக்காதீர்கள். மருந்து கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கலாமா? ஆரோக்கியமான பிள்ளைக்குக் காத்திருக்கலாம், பரிசோதனையே தேவைப்படாது. பலவீனமான பிள்ளைக்கு டாக்டர் ஆரம்பிக்கச் சொன்னால் ஆரம்பித்துவிடுங்கள், முடிவு பின்னால் வரட்டும். அரை மணி நேரத்தில் சொல்கிற துரிதப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் ஃப்ளூ இருக்கலாம்.

அப்படியானால் கஷாயத்துக்கு வேலையே இல்லையா என்று என் மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள்! உண்டு. ஏ பிரிவுப் பிள்ளைக்கு, ஐந்து வயதுக்கு மேல் என்றால், வயசுக்குத் தக்க அளவில் நிலவேம்புக் குடிநீர் நானே கொடுக்கிறேன். காய்ச்சல் விட்ட பிறகு இழுத்துக்கொண்டே போகிற இருமலுக்கு ஆடாதோடை, கற்பூரவள்ளி. வாய்க்கசப்பு தீர மிளகு ரசம், நொய்க்கஞ்சி. டாக்டர் ஓசல்டாமிவிர் எழுதியிருந்தால், அந்த ஐந்து நாளும் கஷாயத்தை நிறுத்தி வையுங்கள். குழந்தை வாந்தி எடுத்தால் எதனால் என்று தெரிய வேண்டாமா? சூரணத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிற வழக்கம் நம்முடையதுதான். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கும். கொதிக்கிற பாத்திரத்தின் முன்னால் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள். வெந்நீர் கொட்டி வெந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். கிலோவுக்கு 15 மில்லிகிராம், வேளைக்கு வேளை நாலிலிருந்து ஆறு மணி நேரம் இடைவெளி. ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். ஃப்ளூவில் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரே என்ற கோளாறு வந்து ஈரலும் மூளையும் கெடலாம். ஆன்ட்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

தாய்மார்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்: மூச்சை எண்ணுவது. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டுவிட்டால் என்னிடமும் வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டால், வலிப்பு வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், எட்டு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டால், விட்ட காய்ச்சல் இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினால், அப்போதும் அப்படித்தான். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடம்பு சுட்டாலே ஆஸ்பத்திரிதான். ஆபத்தான நிலையில் நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டியிருந்தாலும் ஓசல்டாமிவிர் கொடுப்பார்கள். 'லேட்டாயிடுச்சே, இனிமே எதுக்கு' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். இழுப்புக்காரப் பிள்ளைகளுக்கு எந்த வயதிலும் நல்லது. நம் பக்கத்தில் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு ஏறுவதால், புரட்டாசி முடிவதற்குள் போட்டுவிட்டால் சரியாக இருக்கும்.

"ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுடுச்சே டாக்டர், மருந்தை நிறுத்திடலாமா?" என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஐந்து நாளும் கொடுத்து முடியுங்கள். பாரசிட்டமால் இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் ஸ்கூலுக்கு அனுப்பலாம். மறுநாள் பரீட்சை என்றாலும் சரி!